சும்மா நிற்கிற மாடு

"நேத்து பெஞ்ச மழையில இன்னிக்கு முளைச்ச காளான்!"

ஒருத்தரை மட்டம் தட்ட வேண்டுமென்றால் தமிழில் இதைவிடச் சுலபமான வசவு கிடையாது. புதிதாக வந்து ஆறே மாதத்தில் மேனேஜர் ஆனவர், ஒரே படத்தில் மேலே போன ஹீரோ, தெருமுனையில் திடீரென்று மூன்று மாடி கட்டிய கடைக்காரர் என்று யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

காளான் மட்டும் பேசினால் நம் மேல் மானநஷ்ட வழக்கு போடும்.

நாம் வெளியே பார்க்கிற குடை, காளானின் கடைசி அத்தியாயம். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் அது மண்ணுக்குள் வெள்ளை நூலாக ஓடிக்கொண்டிருக்கிறது. குருத்து, குடை, காம்பு எல்லாம் சின்னஞ்சிறு மொட்டாக முன்கூட்டியே தயாராகிவிடும். மழை வந்ததும் அந்த மொட்டின் செல்கள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. ராத்திரியோடு ராத்திரியாக நடப்பது இந்த உப்பல் மட்டும்தான். வேலை நடந்தது அதற்கு முந்தைய மாதங்களில். யாரும் பார்க்காத நேரத்தில்.

இந்த வாரம் நாம் பேசப் போவது அந்த யாரும் பார்க்காத நேரத்தைப் பற்றி. அதாவது சும்மா இருப்பதைப் பற்றி.

நான் பி.காம். படித்தவன். சயின்ஸ் எனக்குப் பத்தாம் வகுப்போடு டாட்டா சொல்லிவிட்டது. ஆனால் சில வருஷங்களுக்கு முன், வேறு எதையோ தேடப் போய் ஒரு அறிவியல் கட்டுரையின் தலைப்பில் கண் நின்றது. நியூயார்க்கில் ஜோனதன் வார்னர் என்ற விஞ்ஞானி 1999-ல் எழுதியது. ஈஸ்ட்டின் உள்ளே ரைபோசோம் தயாராவதன் பொருளாதாரம் என்பதுதான் தலைப்பு. 'பொருளாதாரம்' என்ற வார்த்தையைப் பார்த்தால் காமர்ஸ்காரன் நின்றுவிடுவானா, இல்லையா? நின்றேன்.

ஈஸ்ட் உங்களுக்குத் தெரியும். பேக்கரியில் பன் உப்புவதற்குப் போடுவது. எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு பேக்கரி தேவையில்லை. பனையேறி காலையில் இறக்குகிற கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் போதும். பதநீர் மத்தியானத்துக்குள் கள்ளாகிவிடும். அந்தத் திருட்டு வேலையில் முக்கியப் பங்கு ஈஸ்ட்டுக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒற்றை செல். ஆனாலும் காளானின் பங்காளி. இரண்டுமே பூஞ்சைக் குடும்பம்.

ரைபோசோம் என்றால்? 2009-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து வேதியியல் நோபல் பரிசு வாங்கினாரே, ஞாபகமிருக்கிறதா? 'தமிழன்டா' என்று நாம் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். எதற்குக் கொடுத்தார்கள் என்று பாதிப் பேர் கேட்கவில்லை. இந்த ரைபோசோமின் உருவத்தை அணு அணுவாகக் கண்டுபிடித்ததற்குத்தான் கொடுத்தார்கள். உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் பதநீர்க் கலயத்திலும், உயிர் என்று எது இருந்தாலும் அதற்குள் புரதம் செய்கிற மெஷின் இது. ஜீன் என்பது வரைபடம். ரைபோசோம் என்பது பட்டறை.

இந்தப் பட்டறைக்கு ஒரு வேடிக்கை உண்டு. ரைபோசோமே பாதி புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தையும் ரைபோசோம்தான் செய்ய வேண்டும். லேத் பட்டறையில் லேத் மெஷினுக்கான உதிரி பாகங்களையே கடைந்து இன்னொரு லேத்தை உருவாக்குகிற மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? ஈஸ்ட்டின் ஒரு ரைபோசோமில் 79 வகைப் புரதங்கள். அவற்றில் கோத்திருக்கும் அமினோ அமிலங்கள் மொத்தம் சுமார் 12,000. ஒரு ரைபோசோம் விநாடிக்குச் சுமார் 10 கோக்கும். ஆக, தன்னைப்போல் இன்னொன்றின் புரதத்தைச் செய்து முடிக்க 1,200 விநாடி. இருபது நிமிஷம். நல்ல சாப்பாடு கிடைக்கிற ஈஸ்ட் செல் ஒன்று இரண்டாகச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, பட்டறை தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவே போய்விடுகிறது.

வார்னர் போட்ட கணக்கு இன்னும் மலைக்க வைக்கும். வளர்கிற ஒரு ஈஸ்ட் செல்லுக்குள் சுமார் 2 லட்சம் ரைபோசோம்கள். நிமிஷத்துக்குச் சுமார் 2,000 புதிதாகச் செய்கிறது. செல் ஜீன்களிலிருந்து எடுக்கிற நகல்களில் நூற்றுக்கு அறுபது ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ.வுக்கே போகிறது. பேலன்ஸ் ஷீட்டில் இப்படி ஒரு கம்பெனியைப் பார்த்தால், 'சம்பாதிப்பதில் பெரும்பகுதியை மெஷின் வாங்கவே செலவழிக்கிறான், பைத்தியக்காரன்' என்றுதான் நானும் நோட் எழுதியிருப்பேன்.

பைத்தியக்காரத்தனம் இல்லை. 1958-லேயே கோபன்ஹேகனில் ஷாக்டர், மாலோ, கெல்ட்கார்டு என்று மூன்று பேர் பாக்டீரியாவை வைத்து ஒரு விதியைக் கண்டுபிடித்தார்கள். எந்த உணவில் வளர்ந்தாலும் சரி, வேகமாக வளர்கிற செல்லில் ஆர்.என்.ஏ. அதிகம், மெதுவாக வளர்கிற செல்லில் குறைவு. அந்த ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி ரைபோசோமுடையது. 1970-களில் ஈஸ்ட்டிலும் இதே கதைதான் என்று தெரிந்தது. மிலான் நகரத்தில், ரொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் படருமே அந்த நியூரோஸ்போரா பூஞ்சையை வைத்தும் பார்த்தார்கள். அதிலும் அதேதான்.

வளர்ச்சி வேண்டுமா, பட்டறையைப் பெருக்கு. பி.காம். முதல் வருஷ மாணவனுக்கே புரிகிற கணக்கு.

ஆனால் கதை அங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

2017-ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தில் நாமா பார்காய் என்ற விஞ்ஞானியின் குழு ஈஸ்ட்டின் ரைபோசோம்களை விதவிதமான சூழ்நிலையில் எண்ணிப் பார்த்தது. செல் வளர்கிற வேகத்துக்கு எத்தனை ரைபோசோம் வேலை செய்தால் போதும், உண்மையில் எத்தனை இருக்கிறது? இரண்டும் பொருந்தவில்லை. எப்போது பார்த்தாலும் தேவைக்கு மேல் கொஞ்சம் கையிருப்பு. வேகமாக வளர்கிறபோதுகூட சுமார் கால்வாசி ரைபோசோம்கள் வேலை செய்யாமல் நிற்கின்றன. மெதுவாக வளர்கிறபோது, அதாவது செல் கஷ்டத்தில் இருக்கிறபோது, சும்மா நிற்பவற்றின் விகிதம் இன்னும் கூடுகிறது.

இத்தனை செலவு செய்து செய்த மெஷினைச் சும்மா நிறுத்தி வைப்பானேன்?

இதைப் படித்தபோது எனக்கு ஈஸ்ட் ஞாபகம் போய்விட்டது. இரண்டு மாடுகள் ஞாபகத்துக்கு வந்தன.

*

கயத்தாறு உங்களுக்கு எப்படித் தெரியும்? 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற நாற்கர சாலையில், கோவில்பட்டி தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாடிகள் நிற்குமே, அந்த ஊர். எங்கள் பெரியப்பா அங்கே கரிசல்காட்டில் ஆறு ஏக்கர் வைத்து மானாவாரி வெள்ளாமை பார்த்தார். உளுந்து, பாசி, பருத்தி, ஓரத்தில் கம்பு. கிணறு கிடையாது. வானம்தான் கிணறு.

அவரிடம் ஒரு ஜோடி மாடு இருந்தது.

2004. எனக்கு இருபத்து நாலு வயசு. பி.காம். முடித்து சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. எதைப் பார்த்தாலும் கணக்குப் போடுகிற வயசு. பொங்கலுக்குப் போனவன் தொழுவத்தின் பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு காலண்டரின் பின்பக்கத்தில் கணக்கெழுதினேன்.

சோளத்தட்டை, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, லாடம் எல்லாம் சேர்த்து இரண்டு மாட்டுக்கும் நாளைக்கு 40 ரூபாய். வருஷத்துக்கு 14,600. மாடு உழைப்பது வருஷத்தில் எத்தனை நாள்? உழவு, விதைப்பு, வண்டி எல்லாம் சேர்த்து 40 நாள். மிச்சம் 325 நாள் தொழுவத்தில் நின்று அசைபோடுகிறது. ஆக, மாடு வேலை செய்கிற ஒரு நாளைக்கு நமக்குச் செலவு 365 ரூபாய். டிராக்டர் வாடகை மணிக்கு 250. வருஷத்துக்கு இருபது மணி நேரம் ஓட்டினால் 5,000. மிச்சம் 9,600 ரூபாய்!

பெரியப்பா காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கு சரியாத்தாம்ல இருக்கு" என்றார். பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா என்னைப் பார்த்தாள். படித்த பிள்ளை சொல்கிறான். மாசி மாதம் மாடு சந்தைக்குப் போனது.

அடுத்து வந்த ஐப்பசி.

கரிசலைப் பற்றி நகரத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது காய்ந்தால் கல். நனைந்தால் பசை. மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் கால் வைத்தால் செருப்பு மண்ணோடு போய்விடும். கொஞ்சம் உலர்ந்து பதம் வருகிற அந்த ரெண்டு மூணு நாள்தான் விதைப்பு. விட்டால் ஒன்று மண் இறுகும், இல்லை அடுத்த மழை வந்து மறுபடி பசையாகும். ஊருக்கே பதம் ஒரே நாளில்தான் வரும். அதனால் ஊருக்கே டிராக்டர் ஒரே நாளில்தான் தேவைப்படும்.

ஊரில் டிராக்டர் இரண்டு.

முதலில் டிராக்டர்காரரின் சொந்தக் காடு. அப்புறம் அவர் மச்சான் காடு. அப்புறம் இருபது ஏக்கர்காரர். ஒரே இடத்தில் வேலை, டீசல் மிச்சம். ஆறு ஏக்கர்க் கிழவனுக்கு முறை வருவதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொண்டது. விட்டு, உலர்ந்து, விதைத்தபோது கார்த்திகை பாதி. உளுந்து பூக்கிற நேரத்தில் பூமியில் ஈரமில்லை. பாதி மகசூல்கூடத் தேறவில்லை. நான் மிச்சப்படுத்திக் கொடுத்த 9,600 ரூபாய் எந்த மூலைக்கு?

அந்தத் தைப் பொங்கலுக்கும் போனேன். தொழுவத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தபோது, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"மாடு சும்மா நிக்குதுன்னுல்லா நீ எழுதுன, அய்யா. அது சும்மா நிக்கல. மழைக்காக நின்னுச்சு."

*

ஈஸ்ட்டும் மழைக்காகத்தான் நிற்கிறது.

காட்டு ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு மெஸ் டோக்கன் மாதிரி வேளாவேளைக்குக் கிடைக்காது. ஒரு பழம் விழுந்து வெடிக்கும். ஒரு பாளையில் சாறு கசியும். அந்த நிமிஷம் சுற்றி இருக்கிற அத்தனை பூஞ்சையும் பாக்டீரியாவும் பாயும். அப்போது உட்கார்ந்து ரைபோசோம் செய்ய ஆரம்பிக்கிறவன், டிராக்டருக்கு முறை கேட்டு நிற்கிற கிழவன் மாதிரிதான். ஏற்கெனவே நிறுத்தி வைத்தவன் உடனே இறங்கிவிடுகிறான். கஷ்ட காலத்தில் கையிருப்பு விகிதம் கூடுவதற்கு அர்த்தம் அதுதான் என்கிறார்கள் விஞ்ஞானிகள்: வரப் போகிற நல்ல காலத்துக்கு ஆயத்தம்.

இன்னொரு விஷயம். 2009-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்ஸ்டைன் குழுவினர், வேகமாக வளரும் ஈஸ்ட்டையும் மெதுவாக வளரும் ஈஸ்ட்டையும் திடீரென்று கடும் சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். மெதுவாக வளர்ந்தவைதான் அதிகம் பிழைத்தன. முழு வேகத்தில் ஓடுகிறவனுக்கு நிழலில் ஒதுங்க நேரமில்லை.

உடனே, 'ஆஹா, சும்மா இருப்பதே சுகம், பூஞ்சையே சொல்லிவிட்டது' என்று ஈஸிசேரில் சாய்ந்துவிடாதீர்கள். ரெண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, அளவு. தேவைக்கு மேல் ரைபோசோமைக் குவித்துக்கொண்டே போகிற செல், மற்ற வேலைக்கு ஆளில்லாமல் பின்தங்கிப் போகும். பக்கத்து செல் அதை முந்திவிடும். ஆறு ஏக்கருக்கு ஒரு ஜோடி மாடு கையிருப்பு. ஆறு ஜோடி என்றால் ஜம்பம்.

இரண்டு, தயார்நிலை. கயத்தாற்றுக் காற்றாடிகளைப் பாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று அள்ளிக்கொண்டு போகும். மார்கழியில் பல நாள் இறக்கை அசையாது. காற்றாடிகளைச் சோதித்துப் பார்க்கிற மத்திய அரசின் நிலையமே அந்த ஊரில் இருக்கிறது. அசையாத காலத்தில் அதை யாரும் சோம்பேறி என்று கழற்றிப் போடுவதில்லை. கிரீஸ் போட்டு, போல்ட்டை முறுக்கி வைக்கிறார்கள். பெரியப்பா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்ததும் அந்த கிரீஸ்தான். தயாராக நிற்பதும் துருப்பிடித்து நிற்பதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தில் போனால்தான் வித்தியாசம் தெரியும். நான் தூரத்திலிருந்து, காலண்டரின் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நீங்கள் எதையெல்லாம், யாரையெல்லாம் அப்படிப் பார்க்கிறீர்கள்?

தீயணைப்பு நிலையத்தைக் கடந்து போகும்போது வாசலில் நாலு பேர் கேரம் விளையாடிக்கொண்டிருந்தால், 'நம்ம வரிப்பணம்' என்று முணுமுணுக்கிறோமே. அவர்கள் எப்போதும் பிஸியாக இருக்கிற ஊரில் குடியிருக்க உங்களுக்குச் சம்மதமா? ஐ.டி. கம்பெனியில் ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வருவதற்குள் உட்காருகிறவரை 'பெஞ்சில் இருக்கிறான்' என்கிறோம். ஏதோ பள்ளிக்கூடத்தில் தண்டனை கொடுத்து நிற்க வைத்த மாதிரி அவரும் கூனிக் குறுகிப் போகிறார். 2021 மே மாதம் ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு ஒரு வருஷம் முன்புவரை காலிப் படுக்கை என்றால் நஷ்டம் என்றுதான் ஆஸ்பத்திரிக் கணக்குகள் சொல்லிக்கொண்டிருந்தன. காலியான படுக்கையும் மழைக்காக நின்ற மாடுதான்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு குறை இருக்கிறது. என் தொழிலை நானே குறை சொல்வதற்கு மன்னிக்கவும். வேலை நடந்த நாளை அது எழுதும். வேலைக்குத் தயாராக இருந்த நாளை எழுத அதில் பத்தி கிடையாது. அதனால் அது செலவுப் பக்கத்தில் போய் விழுகிறது. பத்தி இல்லாததாலேயே அது வீண் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

*

சரி, கையிருப்பு வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்விதான் கஷ்டமானது. அந்தக் காத்திருப்புக்கு யார் சோறு போடுவது?

செல்லுக்குள் இந்தத் தகராறு கிடையாது. வேலை செய்கிற ரைபோசோமும் சும்மா நிற்கிற ரைபோசோமும் ஒரே வீடு, ஒரே உலை. செலவு மொத்த செல்லினுடையது.

நம்மிடம் அப்படியா? கோவில்பட்டிக் காட்டில் களையெடுக்கவும் உளுந்து பறிக்கவும் கூலிக்கு ஆள் வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை. பங்குனி, சித்திரை, வைகாசியில் அந்த ஆட்கள் எங்கே போவார்கள்? எங்கேயும் போய்விடக் கூடாது; ஐப்பசியில் கூப்பிட்டால் வர வேண்டும். ஆனால் வெயில் காலத்தில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தேவை எல்லோருக்கும். காத்திருக்கிற செலவு மட்டும் காத்திருப்பவன் தலையில். 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது, 'சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்' என்று டீக்கடைதோறும் பேச்சு கேட்டது. பேசியவர்களில் பாதிப் பேர், அதே ஆட்கள் தங்கள் காட்டுக்குக் களையெடுக்க வர வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள்.

ஐ.டி. பெஞ்சும் இதே கதைதான். புராஜெக்ட் வந்தவுடன் ஆளை இறக்க முடிந்தால் லாபம் கம்பெனிக்கு. புராஜெக்ட் வரத் தாமதமானால் வீட்டுக்குப் போவது பெஞ்சில் இருந்தவர்.

இங்கே ஒரு வாசகர் எழுந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. "சார், பூஞ்சையைப் பார்த்து நியாயம் கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்களா? பட்டினி வந்தால் உங்கள் ஈஸ்ட் என்ன செய்கிறது, அதையும் சொல்லுங்கள்!"

சொல்கிறேன். முதலில் புதிய ரைபோசோம் செய்வதை நிறுத்துகிறது. பட்டினி நீண்டால், இருக்கிற ரைபோசோமையே பிடித்துச் செரித்துத் தின்றுவிடுகிறது. 2008-ல் ஜூரிக்கில் இதைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார்கள். இத்தனை நாள் நிறுத்தி வைத்துச் சோறு போட்டதை, கஷ்டம் முற்றியதும் அடித்துச் சாப்பிடுகிறது. அதற்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தப்பட அதற்கு மனசு இல்லை.

பஞ்சத்தில் மனுஷனும் மாட்டை விற்றிருக்கிறான். ஆனால் கரிசல் வீட்டில் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போகிற நாளில் அடுப்பு எரியாது. அந்த எரியாத அடுப்புதான் நமக்கும் பூஞ்சைக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. எது பிழைக்கும் என்று இயற்கை சொல்லும். எது நியாயம் என்று சொல்லாது. கையிருப்பு வைத்தவன் பிழைக்கிறான் என்பது வரை ஈஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம். கையிருப்பாக நிற்பது மனுஷன் என்றால் அவனுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். ரைபோசோமுக்கு வீட்டில் பிள்ளை கிடையாது. ஸ்கூல் ஃபீஸ் கிடையாது.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் மாடு வாங்கிக் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரியப்பாவே அப்புறம் மாடு வாங்கவில்லை. வயசும் இல்லை, பணமும் இல்லை. 'ஏழைகளே, சேமித்து வையுங்கள்' என்று நகரத்திலிருந்து உபதேசம் செய்வதைப்போல ஆபாசம் வேறில்லை. கையிருப்பு வைக்க முதலில் கை நிறைய வேண்டும்.

ஆனால் வழி இல்லாமலும் இல்லை. கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்காரர்களுக்குச் சொல்லும் யோசனைகளில் ஒன்று முன்பருவ விதைப்பு. மழை வருகிற வாரத்தைக் கணித்து, அதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைக் கொஞ்சம் ஆழமாகப் போட்டுவிடுவது. மழை வந்ததும் விதை தானே எழுந்துகொள்ளும். டிராக்டர் வரிசை இல்லை. யோசித்துப் பாருங்கள்: அங்கேயும் ஒன்று காத்திருக்கத்தான் செய்கிறது. மாட்டுக்குப் பதிலாக விதை. எதையும் காத்திருக்க வைக்காமல் வானத்தை நம்பிப் பிழைக்க வழியில்லை. எதை, யார் செலவில் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

ஊருக்குப் பொதுவாக இன்னும் ரெண்டு டிராக்டர் இருந்திருந்தால்? அவை வருஷத்தில் முந்நூறு நாள் கொட்டகையில் நின்றிருக்கும். என்னைப்போல ஒரு பி.காம். போய், "இது வேஸ்ட்" என்று நோட் எழுதியிருப்பான்.

பெரியப்பா 2011-ல் காலமானார். காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது, பரணில் கணக்கு நோட்டுகளோடு அந்தக் காலண்டர் அட்டையும் கிடந்தது. என் கையெழுத்து. 325 நாள் என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தேன். ஏன் எறியாமல் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. கணக்கு சரியாகத்தானே இருந்தது.

இப்போது அது என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஆபீஸில் யாரைப் பற்றியாவது, "அந்த ஆள் சும்மாதான் சார் உக்காந்திருக்கார்" என்று யாராவது வந்து சொன்னால் டிராயரை ஒருமுறை திறந்து மூடுவேன்.

உங்கள் ஆபீஸிலும் ஓரமாக ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். நாளைக்குப் போனதும் அவரிடம் ஒரு டீ சாப்பிட்டுக்கொண்டே பேசிப் பாருங்கள். துருப்பிடித்துப் போயிருக்கிறாரா, மழைக்காக நிற்கிறாரா என்று பக்கத்தில் போனால்தான் தெரியும்.